தொழிற்களமும் உளநூலும்

கல்வித் துறைகளுட் சில, தம் பெயரைச் சொன்ன அளவிலேயே தம் பயனையும் உணர்த்திவிடும். மருத்துவம் பயின்றார் நோய் தீர்ப்பர். சட்டம் பயின்றார் வழக்குரைப்பர். இவற்றை விளக்கப் புகுவார் எவருமிலர். வேறு சில துறைகளோ பெயரால் நெடியனவாயும் பயனால் மறைந்தனவாயும் இருத்தலின், கேட்போர் உள்ளத்தில் ஐயத்தையே முதற்கண் எழுப்புகின்றன. தொழில் நிறுவன உளவியல் என்பது அவ்வகையைச் சார்ந்ததொரு துறை. எம் தமக்கையார் அதன்கண் முதுகலைப் பட்டம் பெறும்பொருட்டுச் சென்னைக்குச் சென்றபோது, ஆம்பூரிலுள்ள எம் சுற்றத்தார் கேட்ட கேள்வி ஒன்றே: அதைப் படித்து என்ன செய்வது? தமிழ்ச் சிறப்பு வகுப்பில் யாம் சேர்ந்த நாளிலும் இக்கேள்வியே எழுந்ததாகலின், எம் இல்லத்துக்கு அது புதிதன்று. ஆயினும், பழகிய கேள்வி என்பதனால் அதற்கு விடை வேண்டாவென்று விடுதல் பொருந்தாது. இரண்டாண்டுகளாக அத்துறையை எட்ட நின்று கண்டும், மொழிபெயர்ப்பின் வாயிலாகச் சிறிது கிட்ட நின்று தொட்டும் யாம் அறிந்தவற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

இத்துறை ஆராயும் பொருள் யாது? மனிதன் தொழில் செய்யுமிடத்து அவன் உள்ளமும் உடலும் எவ்வாறு இயங்குகின்றன. எவ்வேலைக்கு எவர் உரியர். களைப்பு எதனால் வருகின்றது. ஒரு குழுவிற் சேர்ந்தோர் சிலவிடத்து ஒத்தும் சிலவிடத்து முரணியும் நிற்பது ஏன். ஒரு தலைவரது சொல் ஒருவரை ஊக்கவும் மற்றொருவரை ஒடுக்கவும் காரணம் என்ன? இவற்றை வெறும் ஊகத்தால் முடிவு செய்யாது சோதனையாலும் கணக்காலும் ஆராய்வதே இதன் நெறி. 1911-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய டெய்லர் என்பார் தொழிலாளியின் அசைவுகளைக் கடிகாரங்கொண்டு அளந்து வேலையைச் செப்பஞ் செய்யும் முறையை நூலாக்கி வெளியிட்டார். அவர் கைகாலை அளந்தாரேயன்றி மனத்தை அளந்திலர். ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்து ஆசிரியராயிருந்த ஜெர்மானியர் ஹூகோ மூன்ஸ்டர்பெர்க், டிராம் வண்டி செலுத்துவோர்க்கு இன்றியமையாத கவனத்தை அளத்தற்குரிய சோதனைகளை அமைத்து, 1913-இல் உளநூலையும் தொழிற்றிறனையும் இணைத்து ஒரு நூல் எழுதினார். இத்துறையின் தொடக்க நூல்களுள் ஒன்றாக அது இன்றும் எண்ணப்படுகின்றது.

முதல் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் ஆணும் பெண்ணும் இரவு பகலாய் உழைத்தனர். அவர்தம் உடல்நலத்தை ஆராய 1915-இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. மிகை நேரத்தைக் குறைத்தவிடத்தும் விளைபொருள் குறைந்திலது. சிலவிடங்களிற் கூடியதுமுண்டு என்பது அவ்வாராய்ச்சியாற் புலனாயிற்று. நெடுநேரம் உழைப்பதே நிறைய உழைப்பது என்னும் எண்ணம் அன்றே ஆட்டங்கண்டது. பின்னர் 1921-இல் சார்லஸ் மயர்ஸ் என்னும் அறிஞர் இலண்டனில் தொழில் உளவியலுக்கென ஒரு கழகத்தைத் தோற்றுவித்தார்.

நம் நாடும் இதிற் பின்தங்கிற்றில்லை. 1916-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் நரேந்திரநாத் சென்குப்தா அவர்கள் பொறுப்பில் உளவியலுக்குத் தனித்துறை கண்டனர். மைசூரில் 1924-லும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. டி. போவாஸ் அவர்கள் தலைமையில் 1943-லும் அத்துறை வேரூன்றியது. நாடு விடுதலை பெற்ற 1947-லேயே ஆமதாபாத்தில் விக்ரம் சாராபாய் முதலியோர் முயற்சியால் நெசவாலைகளுக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. பஞ்சையும் நூலையும் ஆராய்ந்த அந்நிலையத்தில், தொழிலாளர் மனத்தை ஆராயும் பகுதியைக் கமலா சௌத்ரி என்னும் பெண்மணியார் நடத்தினர். 1949-இல் இயேசு சபைக் குருமார் ஜாம்ஷெட்பூரில் தொழிலுறவுக் கல்விக்கென ஒரு நிலையம் நிறுவினர். ஆகவே, இது நேற்று முளைத்த படிப்பெனக் கருதுதல் ஆகாது.

முதுகலை வகுப்பில் என்னென்ன கற்பிக்கின்றனர் என்று தமக்கையாரைக் கேட்டோம். அவர் கூறிய பட்டியல் இது: வேலையைக் கூறு கூறாகப் பிரித்து ஆராய்தல், ஆளெடுப்புச் சோதனைகள், பயிற்சி முறைகள், ஊக்கம், தலைமை, குழுவியல்பு, பொறியும் மனிதனும் பொருந்துமாறு, வேலைக்களத்தில் விபத்துத் தடுத்தல், இவை யாவற்றுக்கும் அடிப்படையாகப் புள்ளியியல். உளநூல் என்றால் பிறர் மனத்திலுள்ளதைக் கண்டுசொல்லும் கலையென எண்ணிச் சேர்ந்தோர், முதற் பருவத்திலேயே எண்களின் காட்டிற் புகுந்து திகைப்பர் என்றும் அவர் நகைத்துக் கூறினார்.

அப்பட்டியலைக் கேட்ட அளவில் எமக்குத் திருவள்ளுவர் நினைவுக்கு வந்தார். பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்பதைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். முன்னது ஆளை ஆராய்ந்து தேறுதல் பற்றியது. பின்னது தேறியவனுக்கேற்ற வினையைத் தந்து ஆளுதல் பற்றியது. தேர்வு வேறு, பணியமர்த்தம் வேறு என்னும் பகுப்பு அங்கே தெளிவாக உள்ளது. இதனால் இன்றைய உளவியல் முழுதும் அன்றே நம்மிடம் இருந்தது என்று பெருமை பேச யாம் விரும்பிலேம். அரசனுக்கு அமைச்சனைத் தேர்தல் வேறு. ஆயிரம் பெண்கள் அமர்ந்து தைக்குங் கூடத்தில் ஒவ்வொருத்தியின் களைப்பையும் அளத்தல் வேறு. ஆயினும், கேள்வி நமக்கு அந்நியமன்று என்பது மட்டும் உறுதி.

இனி எம் ஊர்ப் பக்கத்துக்கு வருவோம். பாலாற்றின் இரு மருங்கிலும் வாலாஜா, இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீண்டு கிடக்கும் நிலப்பகுதி தோற்றொழிலால் வாழ்வது. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் இவ்வூர்கள் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களில் அடங்கின; தொழிலோ பிரிவுபடாது ஒன்றாகவே நிற்கின்றது. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுக் குழிகளில் ஊறவைத்துப் பதனிட்ட தோல், கப்பலேறிச் சீமைக்குச் சென்றது. 1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தவே, முடித்த தோலும் காலணியும் செய்யும் ஆலைகள் இங்கே பெருகின. அதனால் நேர்ந்த மாற்றங்களுட் பெரியது ஒன்றுண்டு: சுண்ணாம்புக் குழியிலும் சுழல் பீப்பாயிலும் ஆடவரே பெரும்பாலும் உழைத்த தொழிலில், தையற்பொறியின் முன் பெண்கள் வந்தமர்ந்தனர். வைகறையில் எம் பக்கத்துச் சிற்றூர்களின் சாலையோரம் நின்று பார்ப்பார்க்கு இவ்வுண்மை விளங்கும். சோற்றுப் பையும் தண்ணீர்ப் புட்டியுமாய்க் 'கம்பெனி வண்டி'யை எதிர்நோக்கி நிற்போர் பெண்டிரே. வண்டியேறாது வீட்டுத் திண்ணையிலேயே ஜோடிக்கு இவ்வளவென்று மேற்றோலைக் கையால் தைத்துக் கொடுப்போரும் உளர். அவர்தம் உழைப்பு எந்த வருகைப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இத்தொழிலைத் தொட்டோரை உலகம் நெடுங்காலம் எட்டவே நிறுத்தியது. விவிலியத்தில் அப்போஸ்தலர் நடபடிகளில், யோப்பா பட்டணத்துத் தோல் பதனிடும் சீமோன் வீட்டிற் பேதுரு பலநாள் தங்கியதாகவும், அவ்வீடு கடலோரத்திலிருந்ததாகவும் வருகின்றது. நாற்றத்தாலும் தீட்டென்ற எண்ணத்தாலும் அத்தொழிலாளர் ஊருக்குப் புறத்தே வாழ்ந்தனர் என்று உரைகாரர் கூறுவர். எம் பக்கத்திலும் தலைமுறை தலைமுறையாய்த் தோலைத் தொட்டமையால் ஒதுக்கப்பட்டோர் குடியிருப்புகள் ஊருக்கு வெளியேதான் இருந்தன. அவர்களது கையின் திறத்தை உலகம் விலைக்குக் கொண்டது. மனத்தின் நிலையைக் கேட்டாரில்லை.

எம் அன்னையார் அவ்வாலைகளுள் ஒன்றில், அவர்கள் 'ஸ்டிச்சிங்' என வழங்கும் மேற்றோல் தைக்கும் பிரிவில், இருபதாண்டாக உழைப்பவர். ஆலையின் பெயர் ஈண்டு வேண்டா. மணிக்கு இத்தனை ஜோடி என்பது அவர்க்கு விதித்த அளவு. அவ்வளவைச் சுவரிலுள்ள பலகை எண்ணிக்கொண்டேயிருக்கும். எண் குறைந்தால் மேற்பார்வையாளர் வரிசையின் தலைப்பில் நின்று உரக்கப் பேசுவார். அப்பேச்சு குறைந்தவளுக்கு மட்டுமன்றி வரிசை முழுமைக்கும் கேட்கும். எம் தமக்கையார் இப்படிப்பை விரும்பியதற்குக் காரணம் வேறு தேடவேண்டுவதில்லை. தம் தாய் மாலையில் வாய் பேசாது வந்து அமர்ந்திருக்கும் அரைமணி நேரத்துக்கு நூல்களில் ஒரு பெயருண்டா என்றறியவே அவர் சென்றார்.

இரண்டாம் ஆண்டில் அவர் எழுதவேண்டிய ஆய்வேட்டுக்கு ஆம்பூர்ப் பெண்களின் பணிநிலையையே பொருளாகக் கொண்டார். கேள்வித்தாள் ஆங்கிலத்திலிருந்தது, தமிழாக்கம் ஒன்றும் மாணவரிடையே கைமாறி வழங்கியது. அதனை ஒப்புநோக்கும் வேலை எம்மிடம் வந்தது. உளவியலார் இதற்கு ஒரு முறை வைத்துள்ளனர். ஒருவர் தமிழாக்கியதை, மூலத்தைக் காணாத மற்றொருவர் மீண்டும் ஆங்கிலமாக்க வேண்டும். இரண்டு ஆங்கிலமும் ஒத்தாலன்றித் தமிழ் தேறாது. 1970-இல் பிரிஸ்லின் என்பார் வகுத்துரைத்த முறை இது. நல்ல முறையே. ஆயின், கல்லூரித் தமிழறிந்த இருவர் தமக்குள் ஒத்துப்போவதனால், தையற்பொறியின் முன் அமர்ந்தவருக்கு அது விளங்கும் என்பது பெறப்படாது. அதனை அன்னையாரும் அவர் தோழியர் சிலரும் எமக்குக் காட்டினர்.

வழங்கிவந்த தமிழாக்கத்தில் 'உமக்குப் பணிநிறைவு உண்டா?' என்றொரு வினா இருந்தது. செய்யும் வேலையில் மனம் நிறைதலை அது கருதியது. கேட்ட அம்மையார், "இன்னும் பதிமூணு வருசம் இருக்குது" என்றார். பணிநிறைவு விழா என்று சுவரொட்டிகளிற் கண்ட சொல் அவர்க்கு ஓய்வுபெறுதலையே குறித்தது. 'நிறுவனத்தின்மேல் உமக்குப் பற்று உண்டா?' என்பது மற்றொரு வினா. "அட்வான்ஸ் வாங்கினதுல நாலாயிரம் பத்து நிக்குது" என்று விடை வந்தது. கடைக் கணக்கிலும் கம்பெனிக் கணக்கிலும் பற்று என்றால் கடனே. அன்பென்னும் பொருளில் அச்சொல்லை நாம் இலக்கியத்திற் கற்றோம். அவர் வாழ்க்கையிற் கற்றது வேறு. 'மன அழுத்தம்' என்பதை ஒருவரும் எடுத்தாளவில்லை. 'டென்சன்' என்றனர் இளையோர். 'நெஞ்சு படபடங்குது', 'தலை பாரம்', 'சோறு எறங்கல' என்றனர் மூத்தோர். மனத்தின் துன்பத்தை உடலின் மொழியிற் கூறுதல் அவர் வழக்கு.

இதிலிருந்து யாம் அறிந்தது யாதெனின், அவர் சொற்கள் குறைந்தவையல்ல. பலவிடத்து ஆங்கிலத்தினும் நுண்ணியவை. கேள்வித்தாளில் ஒரே ஆங்கிலச் சொல்லால் குறித்த தளர்ச்சிக்கு அப்பெண்களிடம் பல சொற்கள் உள. ஓடியாடி உழைத்தபின் வருவது களைப்பு. சோறுண்டு சற்றே சாய்ந்தால் அது நீங்கும். கைகால் கடுத்து எழ மாட்டாமையைத் தருவது அசதி. அதே வேலையை நாள்தோறும் செய்தலால் வருவது அலுப்பு. செய்வதில் விருப்பமே அற்றுப்போதல் சலிப்பு. உள்ளம் வாடிப் பேச்சும் குறைந்துவிடுதல் சோர்வு. 'களைப்பு இருந்தா தூங்கிடுவேன். சோர்வு வந்தா தூக்கம் வராது' என்று ஒருவர் வேறுபடுத்திக் கூறியது, யாம் வகுப்பிற் கேட்ட பல விளக்கங்களினும் தெளிவாக இருந்தது. களைப்புக்கு ஓய்வு மருந்து; அலுப்புக்கு வேலை மாற்றம் மருந்து; சோர்வுக்கு இரண்டும் போதா. இவ்வேறுபாட்டை அறியாத கேள்வித்தாள் எல்லாவற்றையும் ஒரே எண்ணிற் கூட்டிவிடும். கூட்டியபின் எந்த மருந்தென்று எவரால் சொல்லவியலும்?

எண் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகின்றது. 1932-இல் லிக்கர்ட் என்னும் அமெரிக்க அறிஞர், ஒரு கூற்றை முற்றும் உடன்படுதல் தொடங்கி முற்றும் மறுத்தல் ஈறாக ஐந்து படிகளில் விடை பெறும் முறையை வகுத்தார். இன்று உலகமெங்கும் வினவுவோர் கையாள்வது பெரும்பாலும் அதுவே. எம் தெருவிலோ ஐந்து படிக்கும் ஒரே விடை வந்தது: "பரவாயில்ல." மேற்பார்வையாளர் எப்படி? பரவாயில்லை. கூலி எப்படி? பரவாயில்லை. உடம்பு எப்படி? பரவாயில்லை. இச்சொல்லைத் தமிழ் மாணவராகிய நாம் சற்றே நின்று நோக்குதல் தகும். நன்றென்றும் இதற்குப் பொருளுண்டு. பொறுத்துக்கொள்வேன் என்றும் பொருளுண்டு. உன்னிடம் சொல்லி ஆவதென்ன என்றும் பொருளுண்டு. தாளில் எழுதுவார் மூன்று என்னும் நடு எண்ணை இட்டு அப்பாற் செல்வர். அம்மூன்றனுள் மறைந்து கிடப்பது முழு வாழ்க்கை.

இவ்விடர்க்கு வழி கூறியவர் எம் அன்னையாரே. "எவ்வளவுன்னு கேட்டா என்னான்னு சொல்றது? எத்தினி நாளுன்னு கேளு, சொல்றேன்" என்றார். அவ்வாறே தமக்கையார், தம் ஆசிரியரின் இசைவு பெற்று, வினாக்களை மாற்றியமைத்தார். சென்ற வாரத்தில் எத்தனை நாள் தலைநோவோடு வீடு வந்தீர்? எத்தனை நாள் தண்ணீர் குடிக்காது பொறுத்தீர்? எத்தனை நாள் உம்மைப் பிறர் முன் சத்தமிட்டனர்? இவ்வினாக்களுக்குப் பரவாயில்லை என்னும் விடை பொருந்தவில்லை. இரண்டு, நான்கு, ஆறு என எண்கள் தாமே வந்தன. தண்ணீர் பற்றிய வினாவுக்குக் காரணமுண்டு: கழிவறைக்குச் செல்ல ஒவ்வொரு முறையும் இசைவு கேட்கவேண்டியிருத்தலின், குடிப்பதையே குறைத்துக்கொள்வோர் பலர். அத்தகைய வினா எந்த அயல்நாட்டுக் கேள்வித்தாளிலும் எம் கண்ணிற் பட்டிலது.

இத்துறையின் வரலாற்றிலும் இதனையொத்த நிகழ்ச்சியுண்டு. சிக்காகோ நகரத்தையடுத்த ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நிகழ்ந்த ஆராய்ச்சிகளை இத்துறை மாணவர் அறியாதிரார். விளக்கொளியை மாற்றினால் உழைப்பு மாறுமா என்று தொடங்கிய ஆராய்ச்சி, பின்னர் 20,000-க்கு மேற்பட்ட தொழிலாளரைத் தனித்தனியே கண்டு பேசும் பெருமுயற்சியாக வளர்ந்தது. முதலில் வகுத்த வினாக்களையே கேட்டனர். தொழிலாளரோ வேறொன்றைப் பேசவே விழைந்தனர். ஆகவே வினாவை விடுத்துச் செவியைக் கொடுப்பதென முடிவு செய்தனர். இது போற்றத்தக்கது. ஆயின் அதே ஆராய்ச்சியில், தனியறையில் வைத்து நோக்கப்பட்ட பெண்களுள் இருவர், மிகுதியாகப் பேசுகின்றனர், ஒத்துழைக்கவில்லை என்ற காரணத்தால் 1928-இல் நீக்கப்பட்டு அவரிடத்தில் வேறிருவர் அமர்த்தப்பட்டனர் என்பதையும் மறத்தலாகாது. கேட்கும் செவி யாருடையது, கேட்டபின் அச்சொல் யாரிடம் செல்கின்றது என்னும் கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

அக்கேள்வி எம் வீட்டு வாயிலுக்கும் வந்தது. ஆலையொன்றில் உள்ளே வந்து வினவ இசைவு கேட்டபோது, நிரப்பிய தாள்களைத் தம்மிடம் காட்டவேண்டும் என்றனர். வினவப்பட்டவர் அடையாளத்தையும் விடையையும் காத்தல் இத்துறையின் முதலறம் என்று கற்ற தமக்கையார், அவ்விசைவை வேண்டாவென விட்டனர். ஆலைக்கு வெளியே, ஞாயிறு மாலையில், வீட்டுத் திண்ணைகளிலும் குழாயடியிலும் அமர்ந்து, பெயர் எழுதாத தாள்களில் விடை பெற்றனர். ஆறுமாத வேலை ஒன்பது மாதமாயிற்று. முதல் நாளில், "இது ஆபீசுக்குப் போவாதே பாப்பா?" என்று கேளாத பெண் ஒருத்தியுமில்லை. ஒன்பது மாத இறுதியில் அக்கேள்வி நின்றது. அஃது எந்த அட்டவணையிலும் ஏறாததாயினும், ஆய்வின் பெரும் பயன் அதுவே என்று யாம் கருதுகின்றோம்.

இத்துறை முதலாளிக்குத் தொண்டு செய்வதா, தொழிலாளிக்குத் தொண்டு செய்வதா என்று வினவுவார்க்கு ஆமதாபாத்து நிகழ்ச்சியைக் கூறலாம். 1953-இல் அங்குள்ள கலிக்கோ ஆலைக்கு இலண்டன் தாவிஸ்டாக் நிலையத்தைச் சார்ந்த ஏ. கே. ரைஸ் என்பவர் வந்தார். 224 தானியங்கித் தறிகள் கொண்ட கூடம் அது. புதிய தறிகள் வந்தும் விளைவு பழைய நிலைக்கு மேலேறவில்லை. வேலை பற்பல சிறு கூறுகளாக உடைந்து, எவர் எவரோடு சேர்ந்து எத்தறிக்குப் பொறுப்பு என்பதே கலங்கியிருந்தமை காரணமென ரைஸ் கண்டார். சிறு சிறு குழுக்கள் சில தறிகளை முழுதும் தம் பொறுப்பிற் கொண்டு, உள்வேலையைத் தாமே பகிர்ந்துகொள்ளலாம் என்ற கருத்தை முன்வைத்தபோது, தொழிலாளர் தாமே விரைந்து குழுக்களை வகுத்துத் தந்தனர். பின்னர்த் துணியின் அளவு கூடிற்று, பழுது குறைந்தது. தொழிலாளர்க்குத் தம் வேலையின்மேல் ஆட்சியளித்தலும், முதலாளியின் ஊதியமும் எப்பொழுதும் பகையல்ல என்பதற்கு அக்கூடம் சான்று. 1979-இல் கராசெக் என்பாரும், வேலைப் பளு மிகுதியும் தன் வேலையைத் தானே நடத்தும் உரிமைக் குறைவும் ஒருங்கு கூடுமிடத்தே துன்பம் பெருகும் என்றனர். எம் அன்னையாரின் வரிசையில் பளுவை ஆலை குறிக்கின்றது. வேகத்தைப் பலகை குறிக்கின்றது. மூச்சு மட்டுமே அவருடையது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். துன்பம் யாவும் மனத்திலுள்ளது எனக் கூறி, மூச்சுப் பயிற்சியும் புன்னகைப் பயிற்சியுந் தந்து அனுப்பிவிடுதல் உளநூலன்று. 2015 ஜனவரி 31-ஆம் நாள், இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் தோற்கழிவு நீரின் சேற்றைத் தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்பட 10 பேர் மாண்டனர். அவருட் பலர் வங்காளத்தினின்று பிழைக்க வந்தோர். அச்சுவரை மனவுறுதி தாங்கியிராது. பாலாற்று நீரையும் நிலத்தையும் பற்றி வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் வழங்கிய தீர்ப்பும், ஊருக்கு நேரும் கேட்டை அறிந்தே தடுத்தல் கடமையென்றும், கெடுத்தவரே ஈடுசெய்க என்றும் கூறியது. சுவரின் வலிமையை ஆராய்வது பொறியியல்; சுவரில் விரிசல் கண்ட கடைநிலைத் தொழிலாளி அதனை அஞ்சாது மேலே சொல்லும் நிலை உண்டா என்று ஆராய்வது உளவியல். இரண்டும் வேண்டும். மேலும், வங்காளமும் இந்தியும் பேசும் தோழர் பெருகிய இக்காலத்தில், எச்சரிக்கைப் பலகை எம்மொழியில் உள்ளது என்பதும் உயிர்நிலைக் கேள்வியாகும்.

தமிழ் மாணவர்க்கு இதில் என்ன வேலை என்று கேட்பார் உளராயின், தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை நினைவூட்டுவோம். அழுகை பிறக்குமிடம் நான்கென அது வகுக்கின்றது: பிறரால் இகழப்படுதல், உடையதை இழத்தல், முன்னை நிலையினின்று தளர்தல், இல்லாமை. வெகுளி பிறக்கும் இடங்களுள் வைதலும் அடித்தலும் ஒன்று. இவை கூத்துக்கும் செய்யுளுக்கும் வகுத்த இலக்கணமே. ஆலைக்கு வகுத்தன அல்ல. ஆயினும், உணர்ச்சியைக் கூறுங்கால் அது தோன்றும் களத்தையும் சேர்த்தே கூறவேண்டும் என்னும் நெறி அங்குளது. வரிசை முன் இகழப்பட்டவளின் கண்ணீரையும், கணவனை இழந்தவளின் கண்ணீரையும், கூலி போதாதவளின் கண்ணீரையும் ஒரே அழுத்தம் என எழுதிவிடாமற் காக்க இந்நெறி உதவும். தைப்போரைத் 'துன்னர்' என அழைத்த மொழி நம்முடையது. துன்னரின் உள்ளத்தை உரைக்கவும் அதற்கு ஆற்றலுண்டு, ஆள்வாரே வேண்டும்.

நிற்க. தமக்கையார் பட்டம் பெற்றார். அன்னையார் வேலை செய்வதையொத்த ஓர் ஆலையில் மனிதவள அலுவலர் பதவிக்கு அவரை அழைத்துள்ளனர். எம் இல்லத்தில் இது பற்றி நெடிய ஆராய்ச்சி நிகழ்ந்தது. அம்மேசைக்கு அப்புறம் அமர்ந்தால், திண்ணையிற் பேசிய பெண்கள் இனியும் பேசுவரா? அமராது விட்டால், அம்மேசையில் வேறொருவர் அமர்வர். கற்றதும் தாளோடு நிற்கும். கடனும் இருக்கின்றது, அதனை மறைப்பதிற் பயனில்லை. தமக்கையார் இருபுறமும் எடுத்துரைத்துக் கலங்கிய இரவில், அதுகாறும் வாளாவிருந்த அன்னையார் கூறியது இது: "போ பாப்பா. அந்தச் சேர்ல நீ குந்துற அன்னிக்கு, என்ன மாதிரி ஒருத்தி வந்து நின்னா, மொதல்ல அவள குந்தச் சொல்லு. அப்புறம் பேசு." இருபதாண்டில் அலுவலறைக்கு அழைக்கப்பட்ட போதெல்லாம் அவர் நின்றே பேசியிருக்கின்றார் என்பதை அன்றுதான் யாம் அறிந்தோம். தமக்கையார் அப்பதவியை ஏற்க உடன்பட்டிருக்கின்றார். வினவிய பெண்களின் தாள்களை எவர்க்கும் தாரேன் என்பதை முதற்கண் எழுத்தில் தெரிவித்தும் இருக்கின்றார். அதன் விளைவு இனித் தெரியும்.

மாணவத் தோழர்களே! இத்துறையைக் கற்க விழைவோர்க்கு யாம் கூறத்தக்கன சிலவே. கணக்குக்கு அஞ்சற்க; அது கற்றால் வருவது. மக்கள் பேச்சுக்குச் செவி கொடுங்கள். அது கணக்கினும் அரிது. உளவியல் பயில்வாரும் தமிழ் பயில்வாரும் இக்கல்லூரியில் ஒரே மரநிழலில் அமர்ந்து உண்கின்றோம். ஒரே மேசையில் அமர்ந்து ஒரு சொற்பட்டியல் தொகுத்தல் அரிதன்று. அதன் சொற்கள் அகராதியினின்று வாராமல் ஆம்பூர் வண்டியினின்றும் பேரணாம்பட்டுத் திண்ணையினின்றும் வருக. ஆலைகளிற் பொறுப்பேற்றிருக்கும் பழைய மாணவப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆய்வுக்கென வரும் மாணவரை உள்ளே விடுங்கள், விடையளித்தோர் பெயரைக் கேளாதிருங்கள். ஒரு கேள்வித்தாளைத் திருத்த எமக்கு மூன்று மாலைப்பொழுதுகள் ஆயின. மாலைப்பொழுதுகள் நம் எல்லோரிடமும் உள.